டெரெய்லர் மாற்றியும் கியர் சரியாக விழவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

கியர் சைக்கிளில் கண்ணில் நன்றாகப் படுகிற பாகம், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டெரெய்லர். அதனால் கியர் எப்போது தகராறு செய்தாலும் பழி அதன் தலையில்தான் விழும். ஷிமானோ கம்பெனியின் ஏழு வேக டூர்னியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே கம்பெனியின் ஏசெராவோ ஆலிவியோவோ வாங்கி மாட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து, "அண்ணா, பழையதே பரவாயில்லை போல இருக்கே" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் கேபிள் துருவாக இருக்கும், அல்லது டெரெய்லரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும், அல்லது கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரும் டெரெய்லரும் வெவ்வேறு குடும்பமாக இருக்கும். புது டெரெய்லரிடம் ஒரு குறையும் இருக்காது.

இந்தக் குறிப்பு முக்கியமாக முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரம் கொண்ட 21 வேக வண்டிகளையும், அவற்றை 8, 9 வேகத்துக்கு ஏற்ற நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. உங்கள் வண்டி என்ன அடம் பிடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில்.

## எந்தத் திருகிலும் கை வைக்கும் முன்

ஒரு தாளில் ஐந்தை எழுதிக்கொள்ளுங்கள்: வலது ஷிஃப்டர் எத்தனை வேகம், பின்னால் எத்தனை பல்சக்கரம், அதில் சின்னதிலும் பெரியதிலும் எத்தனை பல், முன்னால் சின்னதிலும் பெரியதிலும் எத்தனை பல், டெரெய்லரின் மாதிரி எண். ஷிமானோ என்றால் மாதிரி எண் "ஆர்டி" என்று தொடங்கும். பெரும்பாலும் வீலைப் பார்த்த உள்முகத்தில் பொறித்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும். பல் எண்ணும்போது ஒரு பல்லில் மார்க்கர் புள்ளி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை தப்பும்.

கருவி அதிகம் வேண்டாம். 5 மி.மீ. எல்-கீ, ஒரு ஸ்டார் திருப்புளி (சில மாடல்களில் அதற்குப் பதில் 2 மி.மீ. எல்-கீ), ஸ்டீல் டேப், நல்ல கேபிள் கட்டர். ஸ்டாண்டு இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் கயிறு போட்டு மாடிப்படிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். பின் வீல் தரையைத் தொடாமல் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் வேலை பார்க்கலாம். ஆனால் பின்னாலிருந்து நேராகப் பார்த்து டெரெய்லரின் வரிசையைச் சரிபார்ப்பது அப்படிச் சிரமம், பாதி வேலை அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

## அறிகுறி 1: புது டெரெய்லர் வண்டியில் உட்காரவே மாட்டேன் என்கிறது

ஃபிரேமில் ஹேங்கரே இல்லை. விலை குறைந்த இரும்பு ஃபிரேம்களில் டெரெய்லர் ஒரு கொக்கித் தகட்டோடு வரும். அந்தத் தகட்டைப் பின் அச்சின் நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். நீங்கள் வாங்கியது நேரடியாகத் திருகும் வகை என்றால் அதற்கு இடமில்லை. கவலை வேண்டாம், கொக்கித் தகடு தனியாகக் கிடைக்கும், சின்னக் காசுதான். தகடு ஃபிரேமின் பிளவில் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் கீழே சொல்லப்போகிற நான்காவது அறிகுறி தானாக வந்து சேரும்.

ஹேங்கர் இருக்கிறது, போல்ட் ஏறவில்லை. ஹேங்கரின் மரை 10 மி.மீ. அகலம், மரைக்கு மரை இடைவெளி (பிட்ச்) 1 மி.மீ. கிட்டத்தட்ட எல்லா நேரடி டெரெய்லருக்கும் இதுதான். ஆகவே ஏறவில்லையென்றால் மரையில் அழுக்கு இருக்கலாம், இல்லாவிட்டால் முன்பு யாரோ கோணலாக ஏற்றிக் கெடுத்திருக்கலாம். சுத்தம் செய்து, துளி கிரீஸ் தடவி, முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். கையால் ஏறாததை எல்-கீயால் ஏற்றாதீர்கள். அலுமினிய மரை எதிர்ப்புக் காட்டாமல் உரிந்துவிடும், அது உரிவது கைக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மரை போய்விட்டது, ஹேங்கரும் ஃபிரேமின் பகுதியாகவே இருக்கிறது என்றால் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள். மரையைத் திருத்தி வெட்டும் கருவி அவர்களிடம் இருக்கும். ஹேங்கர் கழற்றக்கூடியது என்றால் அதைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போய் அதே வடிவத்தில் புதிது வாங்குங்கள். "எம்டிபி ஹேங்கர்" என்று பொதுவாகக் கேட்டால் பொருந்தாத ஒன்றைத்தான் தருவார்கள், வடிவங்கள் அத்தனை இருக்கின்றன.

## அறிகுறி 2: முதல் இரண்டு கியர் சரி, போகப் போகத் தடம் மாறுகிறது

டெரெய்லர் மாற்றியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். சின்னப் பல்சக்கரத்தில் அழகாகத் தொடங்கும். மூன்றாவது சொடுக்கில் இரைச்சல், நான்காவதில் செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே தவிக்கும், அல்லது ஒன்றைத் தாண்டிக் குதிக்கும். கேபிளை எப்படி இறுக்கினாலும் பிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

டெரெய்லருக்கு எண்ணத் தெரியாது. ஏழா, எட்டா, ஒன்பதா என்று எண்ணுவது ஷிஃப்டர். கேபிள் எவ்வளவு இழுபடுகிறதோ, அதைத் தன் விகிதத்தில் பெருக்கி நகர்வது மட்டுமே டெரெய்லரின் வேலை. எனவே பெட்டியில் "9 வேகம்" என்று போட்டிருப்பதை விட அது எந்த விகிதக் குடும்பம் என்பதே பொருத்தத்தைத் தீர்மானிக்கும்.

### முதல் சோதனை: கேபிள் சரியான பக்கத்தில் கடிபட்டிருக்கிறதா

கேபிளைப் பிடிக்கும் போல்ட்டுக்கு அடியில், கேபிள் படுப்பதற்கென்று ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருக்கும். கேபிள் அதில் படுக்காமல் போல்ட்டின் மறுபக்கமாகப் போனால் நெம்பும் தூரம் மாறிவிடும், அதோடு விகிதமும் மாறிவிடும். எல்லாப் பாகமும் பொருத்தமாக இருந்தும் கியர் தப்புகிறதென்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தி, வாஷரைத் தூக்கிப் பார்த்தால் பழைய டெரெய்லரில் கேபிள் அழுத்திய தடமே வழி காட்டும். திரும்ப இறுக்கும்போது 6 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும்.

### இரண்டாவது: குடும்பம் ஒன்றா

ஷிமானோவின் பழைய பெரிய குடும்பத்தில் ஷிஃப்டர் 1 மி.மீ. கேபிளை இழுத்தால் டெரெய்லர் ஏறக்குறைய 1.7 மி.மீ. நகரும். மவுன்டன், ஹைப்ரிட் வகையில் 6 முதல் 9 வேகம் வரையும், ரோடு வகையில் 10 வேகம் வரையும் இதுதான். 10 வேக ரோடு வகையில் டியாக்ரா 4700 விலக்கு. அது 11 வேக ரோடு டெரெய்லர்களோடு சேர்ந்து 1.4 பக்கம் போய்விட்டது. 10 வேக மவுன்டன் டெரெய்லர் 1.2, அதற்கு மேலே 11 வேக மவுன்டன் 1.1 ஒட்டி.

ஏழு வேக வண்டிக்காரருக்கு இது என்ன சொல்கிறது? ஆல்டஸ், ஏசெரா, பழைய ஆலிவியோ, 9 வேக டியோர் என்று 1.7 குடும்பத்தில் எதை மாட்டினாலும் உங்கள் ஏழு வேக ஷிஃப்டர் அதை இயக்கும். "9 வேக டெரெய்லர்" என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆனால் ஆஃபரில் கிடைக்கிறதே என்று 10 வேக டியோரை வாங்கினால் கதையே வேறு. ஏழு வேகப் பல்சக்கரங்களுக்கு நடுவே 5 மி.மீ. தூரம். ஏழு வேக ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு 2.9 மி.மீ. அளவில் கேபிளை இழுக்கும். அதை 1.7 ஆல் பெருக்கினால் சுமார் 5 வருகிறது, பொருத்தம். 1.2 ஆல் பெருக்கினால் மூன்றரை மி.மீ.தான். ஒரு சொடுக்குக்கு ஒன்றரை மி.மீ. கடன். மூன்று சொடுக்கில் நாலரை, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுப் பல்சக்கரம் பின்தங்கிவிடும். இதை எந்தத் திருகாலும் ஈடுகட்ட முடியாது. டெரெய்லரைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது ஷிஃப்டர், கேசட் (வீலின் நடுவிலுள்ள ஹப்பில் செருகும் பல்சக்கரத் தொகுதி), செயின் என்று எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

இன்னொரு பொறி 2023இல் வந்த க்யூஸ் தொகுதி. அதிலும் 9 வேகம் இருக்கிறது, பழைய ஆலிவியோவிலும் 9 வேகம் இருக்கிறது. எண் ஒன்று, குடும்பம் வேறு. க்யூஸின் 9, 10, 11 வேகங்கள் தங்களுக்குள் ஒரே இழுப்பையும் ஒரே இடைவெளியையும் பகிர்ந்துகொள்ளும், ஆனால் பழைய 9 வேகப் பாகங்களோடு சேராது. கடைக்காரர் "நைன் ஸ்பீடுதானே, போட்டுக்கலாம்" என்று சொன்னால் பெட்டியில் க்யூஸ் அல்லது லிங்க்கிளைடு என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஷிமானோ அல்லாதவை: ஸ்ராமின் பெரும்பாலான ஷிஃப்டர்களுக்குத் தனி இழுப்பு, ஷிமானோ டெரெய்லரோடு சேராது. எம்ஆர்எக்ஸ் என்ற முறுக்குப்பிடி ஷிஃப்டர் போன்ற சில மட்டும் ஷிமானோவுக்காகவே செய்தவை. மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட் வகையை அதன் சொந்த ஷிஃப்டரோடு மட்டும் போடுங்கள். பெயர் தெரியாத சீனத் தொகுதிகளை வாங்கினால் ஷிஃப்டரையும் டெரெய்லரையும் ஒரே பெட்டியில் வருவதாக வாங்குவது நல்லது.

### மூன்றாவது: ஷிஃப்டரும் பல்சக்கர எண்ணிக்கையும்

8 வேக ஷிஃப்டர், 7 வேக ஃப்ரீவீல் (ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) என்றால் இடைவெளி 4.8க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம்தான். ஆறு சொடுக்கிலும் சேர்த்து 1.2 மி.மீ. நடுக் கியரில் கேபிளைச் சரிசெய்தால் இரு முனையிலும் கொஞ்சம் முணுமுணுப்போடு ஓடிவிடும், மிஞ்சுகிற ஒரு சொடுக்கை டெரெய்லரில் உள்ள எல்லைத் திருகு (அறிகுறி 5) தடுத்துவிடும். 9 வேக ஷிஃப்டரை 8 வேகக் கேசட்டில் ஓட்ட நினைப்பது வீண் முயற்சி. 9 வேக இடைவெளி 4.35 மி.மீ., ஏழு சொடுக்கில் 3 மி.மீ.க்கு மேல் தப்பும்.

பழைய பொருள் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒன்று: ஷிஃப்டரை அழுத்தினால் எதிர்த் திசையில் கியர் மாறுகிறது, கேபிளைத் தளர்த்தினால் டெரெய்லர் பெரிய பல்சக்கரத்துக்கு ஓடுகிறது என்றால் அது கெட்டுப்போகவில்லை. ஷிமானோ ஒரு காலத்தில் விற்ற தலைகீழ் ஸ்பிரிங் வகை அது.

## அறிகுறி 3: கியர் மாறத் தயங்குகிறது, டிக் டிக் என்று சத்தம்

தயக்கம் எந்தப் பக்கம் என்று முதலில் கவனியுங்கள். அதற்கேற்ப வழி பிரிகிறது.

### பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயக்கம்

கேபிள் தளர்வு. புதுக் கேபிள் போட்ட முதல் வாரத்தில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம், கேபிளின் வெளி உறையான அவுட்டரின் முனைகள் அழுந்தி உட்காருவதால் கேபிள் கொஞ்சம் தொய்யும். பீப்பாய்த் திருகைக் கடிகாரத்துக்கு எதிராகக் கால் சுற்று திருப்புங்கள், பெடலைச் சுற்றிப் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. இந்தத் திருகு டெரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும். சில மாடல்களில் அங்கே இருக்காது, ஷிஃப்டரில் தேடுங்கள். திருகு தீருகிற அளவுக்கு வெளியே வந்துவிட்டால் முழுதும் உள்ளே திருப்பி, போல்ட்டைத் தளர்த்தி, கேபிளை இழுத்துப் பிடித்து மறுபடி தொடங்குங்கள்.

### சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கத் தயக்கம்

கேபிள் அதிக இறுக்கமாக இருக்கலாம், திருகை எதிர்த் திசையில் கால் சுற்று கொடுத்துப் பாருங்கள். பலனில்லையென்றால் உராய்வு. இறங்கும்போது டெரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான் கேபிளைத் திரும்ப இழுக்கிறது, அழுக்கும் துருவும் முதலில் தோற்கடிப்பது அதைத்தான்.

ஒரு கைச் சோதனை. கீழ்க்குழாயில் கேபிள் வெளியே தெரியும் இடத்தில் இரண்டு விரலால் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள், கூடவே பெடலைச் சுற்றுங்கள். செயின் பெரிய பல்சக்கரம் ஏறும். விரலை விடுங்கள். டெரெய்லர் சட்டென்று திரும்பிவர வேண்டும். ஊர்ந்து வந்தால் கேபிளில் உராய்வு. கேபிளைக் கழற்றிவிட்டு டெரெய்லரையே கையால் உள்ளே தள்ளி விட்டாலும் ஊர்கிறதென்றால் பிழை அதன் மூட்டுகளில். துடைத்து எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

கேபிள்தான் என்று தெரிந்தால் கழற்றாமலே சுத்தம் செய்ய ஒரு வழி இருக்கிறது. பெடலைச் சுற்றிப் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுபோங்கள். பெடலை நிறுத்திவிட்டு, வீல் அசையாமல், ஷிஃப்டரை மட்டும் கடைசிச் சொடுக்கு வரை விடுவியுங்கள். கேபிள் தொளதொளவென்று ஆகிவிடும். இப்போது அவுட்டரை ஃபிரேமின் நிறுத்தத்திலிருந்து கையாலேயே உருவிவிடலாம். அவுட்டரை ஒரு பக்கமாக நகர்த்தி, அடியில் மறைந்திருந்த கேபிளைத் துணியால் துடையுங்கள். டெரெய்லருக்குப் பக்கத்தில் வளையமாக வரும் கடைசித் துண்டை முதலில் பாருங்கள், மழைத் தண்ணீரும் சேறும் தங்குவது அங்கேதான். கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு அந்தத் துண்டிலிருந்து செங்காவி நிறத்தில் குழம்பு வழிவதைப் பார்க்கலாம். அந்த நிலைக்கு வந்த அவுட்டரைச் சுத்தம் செய்ய உட்காராதீர்கள், உள் கேபிளும் அவுட்டரும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. கியர் அவுட்டர் வேறு, பிரேக் அவுட்டர் வேறு. கியருக்கானது பொதுவாக 4 மி.மீ., உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக்குக்கானது 5 மி.மீ., உள்ளே கம்பி சுருளாக இருக்கும், இழுத்தால் அமுங்கும். பிரேக் அவுட்டரைக் கியருக்கு வெட்டிப் போட்டுவிடும் பழக்கம் தெருமுனைக் கடைகளில் உண்டு. போட்டால் எவ்வளவு விலையுள்ள டெரெய்லரும் குழைவாகத்தான் மாறும். இதைத் தலைகீழாக, கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடுவது விளையாட்டில்லை. அழுத்திப் பிடிக்கும்போது அது பிளந்துவிடலாம்.

### எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியவில்லை, ஒரு நாளுக்கு ஒரு மாதிரி

ஷிஃப்டருக்குள் கேபிளின் தலைக்குப் பக்கத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம். மூடியைத் திறந்து கேபிளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்கள். ஒரு இழை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் உடனே மாற்றுங்கள். முழுதாக அறுந்து உள்ளே சிக்கிக்கொண்டால் ஷிஃப்டரைப் பிரிக்க வேண்டியிருக்கும், அது கடைக்காரர் வேலை.

டெரெய்லரில் செயின் சுற்றிப் போகும் இரண்டு சின்னச் சக்கரங்களில் மேலே இருப்பது, அதாவது மேல் புல்லி, பக்கவாட்டில் லேசாக ஆடுவதைப் பார்த்து "தேய்ந்துவிட்டது" என்று முடிவுகட்டாதீர்கள். ஷிமானோ வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறது.

## அறிகுறி 4: ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெடுகிறது

பொருத்தமெல்லாம் சரி, கேபிள் புதிது, ஆனாலும் சின்னதில் சரிசெய்தால் பெரியதில் இரைச்சல், பெரியதில் சரிசெய்தால் சின்னதில் இரைச்சல். அப்படியானால் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள்.

வீல் நேராக உட்கார்ந்திருக்கிறதா? பஞ்சர் ஒட்டிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால் பெரும்பாலும் இதுதான். நட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, வீல் தன் எடையில் முழுதாக உட்கார விட்டு மறுபடி இறுக்குங்கள்.

ஹேங்கர் வளைந்திருக்கிறதா? மேல் புல்லியும் கீழ்ப் புல்லியும் ஒரே நேர்க்கோட்டில், பல்சக்கரத்துக்கு இணையாகத் தொங்க வேண்டும். கீழ்ப் புல்லி ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. வண்டி வலப்பக்கம் விழுந்தது, ரயில் பார்சலில் போனது, அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்கூட்டர் இடித்தது, எதுவும் காரணமாகலாம். டெரெய்லரின் வெளிமுகத்தில் புதுக் கீறல் இருந்தால் ஊகம் உறுதி. புது டெரெய்லர் வாங்கியவர்கள் இதைத் தவறவிடுவது சகஜம். பழைய டெரெய்லரைத் தகராறு செய்ய வைத்ததே இந்த வளைவுதான், புதியதையும் அதே வளைந்த ஹேங்கரில் மாட்டியிருப்பார்கள்.

கண்ணளவில் கையால் நெம்பி நிமிர்த்தலாமா என்று கேட்பார்கள். நடுவழியில் வீடு வந்து சேர வேண்டும் என்றால் செய்யுங்கள். சரியான வேலைக்கு ஹேங்கர் அளவி வேண்டும். ஹேங்கர் மரையில் திருகி, வீலின் விளிம்பை நான்கு இடத்தில் தொட்டு இடைவெளியைப் பார்க்கும் நீளக் கை அது. வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வந்தால் போதும். இந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள். இல்லாத கடையில் ஸ்பானரால் நெம்பித்தான் தருவார்கள். அலுமினிய ஹேங்கர் ஒன்றிரண்டு முறைக்கு மேல் நிமிர்த்தலைத் தாங்காது, விரிசல் தெரிந்தால் புதிது.

## அறிகுறி 5: பெரிய பல்சக்கரத்தில் ஏறவில்லை, அல்லது தாண்டி ஸ்போக்குக்குள் விழுகிறது

இரண்டாவது நடந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஸ்போக்கில் சிக்கிய டெரெய்லர் ஹேங்கரையும் ஸ்போக்குகளையும் சேர்த்துக்கொண்டு போகும். மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதை முடியாது.

எல்லைத் திருகுகள். டெரெய்லரில் எச், எல் என்று குறித்த இரண்டு திருகு இருக்கும். எச் சின்னப் பல்சக்கரத்துக்கான எல்லை, எல் பெரியதற்கு. கடிகாரத் திசையில் திருகினால் எல்லை குறுகும். முதலில் எச்: கேபிளைக் கழற்றிவிட்டு, மேல் புல்லி சின்னப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேராக வரும்படி வையுங்கள். அடுத்து எல்: டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்தபடி பெடலை மெதுவாகச் சுற்றுங்கள். புல்லி பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். இன்னும் அழுத்தித் தள்ளினாலும் ஸ்போக் பக்கம் போகக் கூடாது. இரண்டும் முடிந்த பிறகே கேபிளை மாட்டுங்கள். கேபிள் மாட்டிய நிலையில் எல்லைத் திருகை ஆட்டிக்கொண்டிருந்தால் எது எதைத் தடுக்கிறது என்றே தெரியாமல் போகும்.

பி திருகு. மேல் புல்லி பெரிய பல்சக்கரத்தை உரசிக் கடகடவென்றால் ஹேங்கருக்குப் பக்கத்தில் இருக்கும் பி திருகை உள்ளே திருப்புங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சாதாரண வண்டியில் புல்லிக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி நல்லது. அதிகம் விலக்கினால் கியர் மாற்றம் மந்தமாகும்.

தாங்கும் அளவு. பி திருகை முழுதும் உள்ளே விட்டும் உரசல் நிற்கவில்லையென்றால் பல்சக்கரம் டெரெய்லரின் அளவை மீறிவிட்டது. ஏசெரா எம்360 போன்றவை 34 பல் வரைக்கும்தான். 36க்குச் சில சமயம் ஒத்துழைக்கும், 40, 42 என்பதெல்லாம் அதற்கான டெரெய்லர் வாங்கினால்தான். ஹேங்கரை நீட்டும் துண்டு போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தமில்லை, பெரியதில் கிடைக்கும் வசதிக்கு ஈடாகச் சின்னவற்றில் மாற்றம் மந்தமாகிவிடும்.

## அறிகுறி 6: செயின் தொங்குகிறது, அல்லது நரம்பு மாதிரி இறுகுகிறது

சின்ன முன் பல்சக்கரம், சின்னப் பின் பல்சக்கரம் என்ற நிலையில் செயின் தொய்ந்தால் இரைச்சலோடு போகும், பெரிய ஆபத்தில்லை. பெரியதும் பெரியதும் சேரும் நிலையில் செயின் போதாவிட்டால் டெரெய்லரே பிய்ந்து வரும். ஆகவே 28 பல் ஃப்ரீவீலிலிருந்து 34க்கு மாறியவர்கள் ஓட்டிப் பார்க்கும் முன் இதைச் சோதியுங்கள்: வண்டியைத் தொங்கவிட்டு, கையால் பெடலை மெல்லச் சுற்றி, பெரியது-பெரியதுக்குக் கொண்டுவாருங்கள். ஏற மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

சரியான நீளம்: டெரெய்லரை விட்டுவிட்டு, செயினைப் பெரிய முன் பல்சக்கரத்தையும் பெரிய பின் பல்சக்கரத்தையும் மட்டும் சுற்றி இழுத்து, அது சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டுங்கள். பழைய செயினோடு புதுத் துண்டை ஒட்டுப் போடுவதை விடப் புதுச் செயினே மேல்.

நீளம் சரியாக இருந்தும் இரண்டு முனையும் ஒத்துவரவில்லையென்றால் இரண்டு புல்லியையும் தாங்கும் கூண்டு குட்டை. கணக்கு சுலபம்: முன்னால் பெரியதிலிருந்து சின்னதைக் கழியுங்கள், பின்னாலும் அப்படியே, இரண்டையும் கூட்டுங்கள். முன்னால் 42-34-24, பின்னால் 14-34 என்றால் 18ம் 20ம் சேர்த்து 38. ஏசெரா எம்360 தாங்குவது 43, தாராளம். குட்டைக் கூண்டு ரோடு டெரெய்லர்கள் முப்பது சொச்சத்திலேயே நின்றுவிடும், முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள வண்டிக்கு அவை ஆகாது.

## அறிகுறி 7: மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் வழுக்குகிறது

கியர் மாற்றாமலே, பாரம் கொடுத்ததும் "டக்" என்று பெடல் நழுவுகிறது. பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது இப்படி ஆனால் முகம் கைப்பிடியில்தான். டெரெய்லருக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

கேபிள் இழுப்பு அரைகுறையாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, விறைத்துப்போன கண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் கீழ்ப் புல்லியைக் கடக்கும்போது அந்தக் கண்ணி மட்டும் முழங்கால் மடக்குவது போல் துள்ளும். எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் லேசாக வளைத்தால் சரியாகும்.

பிறகு தேய்மானம். ஸ்டீல் டேப்பை ஒரு பின்னின் மையத்தில் வைத்து இருபத்து நாலு கண்ணி தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். தையற்காரர் டேப் வேண்டாம், அது தானே நீளும். பின்னின் மையம் 12 அங்குலத்தைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். தேய்ந்த ஃப்ரீவீலில் புதுச் செயினைப் போட்டால் வழுக்கல் அதிகமாகுமே தவிரக் குறையாது. நீங்கள் வழக்கமாக ஓட்டுகிற ஒன்றிரண்டு பல்சக்கரத்தில் மட்டும் வழுக்கினால் காரணம் உறுதி.

எல்லாப் பல்சக்கரத்திலும் ஒரே மாதிரி வழுக்குகிறது, செயின் பற்களை விட்டு எழும்பவே இல்லை, பெடல் மட்டும் வெறுமனே சுற்றி ஒரு இடத்தில் பிடிக்கிறது என்றால் ஃப்ரீவீலின் உள்பற்கள் போய்விட்டன. ஃப்ரீவீலையே மாற்ற வேண்டும். அதைக் கழற்றும் பல்லுள்ள சாக்கெட் மலிவுதான், ஆனால் வருடக்கணக்காக மிதித்து இறுகிய ஃப்ரீவீலைத் திருப்ப வைஸோ ஒரு முழ நீள ஸ்பானரோ வேண்டும். கடையில் கொடுத்தால் சாக்கெட் வைத்துக் கழற்றுகிறாரா, உளி வைத்து அடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் "சரி, ஒன்பது வேகத்துக்கே போய்விடலாமா" என்று கேட்பார்கள். பின் வீல் ஃப்ரீவீல் வகையென்றால் கேசட் அதில் ஏறாது, ஹப்பையோ முழு வீலையோ மாற்ற வேண்டும். கூடவே ஷிஃப்டர், கேசட், 9 வேகச் செயின். திருகி மாட்டும் 9 வேக ஃப்ரீவீலும் சந்தையில் இருக்கிறது, ஆனால் அகலம் கூடக் கூட வலப்பக்க பேரிங்குக்கு வெளியே அச்சு அதிகம் நீண்டு நிற்கும். எடை கூடியவர் ஓட்டினால் அச்சு வளையும். ஏழிலேயே இருந்து, 14-34 ஃப்ரீவீல், 8 வேகத்துக்கும் 7 வேகத்துக்கும் பொதுவான செயின், ஏசெரா வகை டெரெய்லர், நல்ல கேபிள்-அவுட்டர் என்று நான்கை மட்டும் மாற்றினால் மேடு ஏறும் வேலை முடிந்துவிடும். மிச்சப் பணத்தை வீல் தேயும்போது செலவழித்துக்கொள்ளலாம்.